சொம்பைத் தூக்கினால் ஓடும் நாய்

லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து உட்கார்ந்து, சந்தேகம் என் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. யாராவது ஆதார் கார்டை நீட்டினால் அட்டையைப் பார்ப்பேன், ஆளைப் பார்ப்பேன், மறுபடியும் அட்டையைப் பார்ப்பேன். “அந்தப் பார்வைய வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க” என்பாள் மனைவி. கண்ணைக் கழற்றி லாட்ஜிலேயே வைத்துவிட்டா வரமுடியும்?

அந்த நாயையும் அப்படித்தான் பார்த்தேன். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை என் ஸ்கூட்டருக்கு அடியில் சுருண்டு கிடந்தது. செம்பட்டை நிறம், கழுத்தில் பட்டை கட்டியிருந்த தடம். யாரோ வளர்த்த நாய். கடிக்கிறதென்று துரத்தினார்களா, கிரிவலக் கூட்டத்தில் தொலைந்ததா? மனைவி வைத்த தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு அது அங்கேயே தூங்கிவிட்டது. பேர் வைக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். பேர் வைத்தால் நம் நாயாகிவிடும். “ஏய்” என்றால் வந்தது, அது போதும்.

உடம்பெல்லாம் உண்ணி. மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். டாக்டர் அதன் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். வெளுத்துக் கிடந்தது.

“ரத்தம் ரொம்ப கம்மி. இந்த மருந்த தண்ணில கலந்து வாராவாரம் உடம்பு முழுக்க ஊத்துங்க. உண்ணி ஜுரம் ஜாஸ்தியாச்சுன்னா தாங்காது.”

திரும்பி வரும்போது மனைவி, “இப்படியே விட்டா இது அரோகராதான்” என்றாள். நாய் விருட்டென்று என் காலுக்கடியில் பதுங்கியது. ஆட்டோ சத்தத்துக்குப் பயப்படுகிறது என்று நினைத்தேன்.

முதல் குளியலில் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடியது. இரண்டாவதில் என் கையைப் பிறாண்டிவிட்டு ஓடியது. வெந்நீர் வைத்துப் பார்த்தேன், வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். பிஸ்கட்டைக் காட்டி பாத்ரூமுக்குள் வரவழைத்துக் காலில் தண்ணீர் விட்டால் பேசாமல் நிற்கும், வாலைக்கூட ஆட்டும். தலைக்கு ஊற்றச் சொம்பைத் தூக்கினேனோ இல்லையோ, மிரண்டு போய் ஒரே ஓட்டம். காலுக்கு ஆகும் தண்ணீர் முதுகுக்கு ஏன் ஆகாது? இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று என் லாட்ஜ் மூளை சொன்னது.

சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டு அக்காமேல் போனது. நாய் அவர் கோலத்தை மிதித்ததற்காக ஒருமுறை கத்தியிருக்கிறார். காலையில் அவர் வாசல் தெளிக்க வந்தால் நாய் தூரப் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாம் இல்லாதபோது கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருப்பாரோ? நாயின் முதுகில் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தடயம் இல்லாததே எனக்கு மேலும் சந்தேகமாக இருந்தது.

“பாவம்ங்க அவங்க. வாய வச்சிக்கினு சும்மா இருங்க” என்றாள் மனைவி. அப்போது அவள் சொன்னதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் நாய் சோறு தின்பதைக் குறைத்துவிட்டது. “ஏய்” என்றால் தலையை மட்டும் தூக்கும். எனக்குப் பயமாக இருந்தது. பேர் வைக்காத நாய்க்காக இப்படிப் பயப்படுவோம் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை டியூட்டி முடிந்து வந்தால் நாயைக் காணோம். பக்கத்து வீட்டுப் பின்பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டது. மதில்மேல் எட்டிப் பார்த்தேன். அக்கா சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருக்கிறார். என் நாய் அரைக்கண் மூடி நிற்கிறது. பக்கத்தில் எங்கள் மருந்து பாட்டில்.

“என்னக்கா பண்றீங்க? அதுக்கு என்னத்த குடுத்தீங்க?” என்று கத்தினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, உதட்டின்மேல் விரலை வைத்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் நாயைத் திருடி வைத்துக்கொண்டு என்னையே வாயை மூடச் சொல்வதா? மயக்க மருந்துதான், வேறென்ன என்று வீட்டுக்குள் வந்து குதித்தேன்.

“நான்தான் பாட்டில குடுத்தேன். திங்கக்கிழமை அவங்க மௌன விரதம்னு தெருவுக்கே தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது” என்றாள் மனைவி.

மறுநாள் காலை அக்காவே கோலமாவுக் கையோடு கூப்பிட்டார்.

“தம்பி, தீபத்தன்னிக்கு ஊரே அரோகரான்னு கத்துச்சே, வெடி வேற. அப்ப இந்த நாய் எங்க தொட்டிக்குப் பின்னாடி ஒண்டிக்கினு நடுங்குச்சு, பாத்தேன். நீங்க ஒவ்வொரு தடவையும் சொம்ப தூக்கிட்டு அதையேதான் கத்துறீங்க. சாமி பேர சொல்லாதீங்கன்னு நான் எப்டி வந்து சொல்றது? அதுவும் நீங்க ஒரு சந்தேகப் பிராணி!”

தலைக்கு முதல் சொம்பு ஊற்றும்போது ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்று உரக்கச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அதைச் சொல்கிறோம் என்பதே எனக்குத் தெரியாது. இந்த ஊரில் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆனாலும் அரோகரா, ஆகாவிட்டாலும் அரோகரா.

அப்படியும் நான் சும்மா நம்பிவிடவில்லை. வீட்டுக்குள் போய், தண்ணீரும் இல்லாமல் சொம்பும் இல்லாமல், படுத்திருந்த நாயின் பக்கத்தில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வால் காலிடுக்கில் போய்விட்டது. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு வாயை இறுக மூடிக்கொண்டுதான் குளிப்பாட்டினேன். முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் தலை. சிரிப்பு வரும், பேச்சு வரும், எல்லாவற்றையும் விழுங்கிவிடுவேன். உண்ணிகள் உதிர்ந்தன. கொஞ்சம் கொஞ்சமாக ஈறு சிவந்தது. சொம்பைத் தூக்கினால் நாய் என் முகத்தைத்தான் பார்க்கும், வாய் திறக்கிறதா என்று. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அட்டையைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்கும் பார்வை அது.

அடுத்த தீபம் வந்தது. சாயங்காலம் மனைவியும் அக்காவும் மலையைப் பார்க்க மாடிக்குப் போனார்கள். நானும் படியேறப் போனவன், நாய் எங்கே என்று திரும்பினேன். கட்டிலடியில் இல்லை, ஸ்கூட்டருக்கடியில் இல்லை. பாத்ரூமில், பக்கெட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தது. இந்த ஊரிலேயே அந்தச் சொல் காதில் விழாத இடம் அதுதான் என்று முடிவு பண்ணியிருக்கிறது.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஈரத்தரையில் உட்கார்ந்து அதன் காதுகளை இரண்டு கையாலும் பொத்தினேன். மலையில் தீபம் ஏறியது போலிருக்கிறது. ஊரே கத்தியது. மாடியில் மனைவி குரல் தனியாகக் கேட்டது. எனக்கும் தொண்டைவரை வந்தது. பிறந்ததிலிருந்து தீபத்தன்று சொல்லாமல் இருந்ததில்லை.

நாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் திறக்கவில்லை.