மூன்றடிக் கதவு

சர்க்கரை வியாதியால் அக்காவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, "அடையாறுல தனியா இருக்க வேண்டாம், மயிலாப்பூருக்கு எங்களோட வந்துடு" என்று நான் கூப்பிட்டேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பாத்ரூமுக்கு நானே போகணும், நானே வரணும். யாரும் என்னைத் தூக்கக் கூடாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, நான் ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன்."

அந்த முதியோர் இல்லத்துக்கு மாதக் கடைசிக்குள் அவள் பதில் சொல்ல வேண்டுமாம். எங்கள் ஃப்ளாட்டின் பாத்ரூம் கதவிலோ நானே ஒருக்களித்துத்தான் நுழைவேன், வீல்சேர் எங்கே நுழையும்? இடித்துக் கட்டுவது என்று முடிவாயிற்று.

சைதாப்பேட்டையிலிருந்து தச்சர் வந்து பார்த்தார். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டு மரவேலைக்கும் அவர்தான். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். பாத்ரூமை ஒட்டிய நடைவழியில் தூணுக்கும் மூலைக்கும் நடுவே மூன்றடி இரண்டு அங்குலச் சுவர் இருந்தது. "இங்க மூணடி கதவு போட்டுக்கலாம்மா. சேரு சும்மா பூந்துகினு போகும்" என்றார்.

வரைபடத்தை நானே போடுகிறேன் என்று கிளம்பினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள், கோடை விடுமுறை வேறு. வீட்டுப் படம் வரையும் மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் இறக்கினேன். முதல் நாளே பித்துப் பிடித்துவிட்டது. கோடு இழுத்தால் சுவர் எழும்புகிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் வீடே நிமிர்ந்து நிற்கிறது, என் சமையலறையை நானே கூரை வழியாக எட்டிப் பார்க்கிறேன். எத்தனை விசில் வந்தது என்று எண்ண மறந்து பருப்பு கூழாகிப் போனது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

பாத்ரூம் கதவை வைக்கும்போதுதான் தகராறு. மூன்றடி என்று கொடுத்தால் கதவு சிவப்பாக மாறி, சுவரில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தது. சுவரை அழித்துத் திரும்ப வரைந்தேன். சிவப்பு. சுவரைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன், சமையலறையும் கூடவே நகர்ந்து சிங்க் கூடத்துக்கு வந்து நின்றது. மென்பொருளையே நீக்கிவிட்டு மறுபடி இறக்கினேன். அப்போதும் சிவப்பு. மூன்றடி இரண்டு அங்குலத்தில் மூன்றடி அடங்காது என்கிற கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். என் கணவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஒரு யோசனை தோன்றியது. தூணை அழித்துவிட்டேன். கதவு சமர்த்தாக உட்கார்ந்தது. ஆஹா, சாதித்துவிட்டோம் என்று காபி போட்டுக் குடித்தேன். பாதிக் காபியில்தான், அந்தத் தூண்மேல் இன்னும் இரண்டு மாடி நிற்கிறதே என்ற நினைவு வந்தது. அவமானமாக இருந்தது. தூணைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு பாய்க்குப் போன் செய்தேன்.

அவர் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து என் படுக்கையறைக் கதவைக் காட்டினார்.

"இது இன்னா சைஸு சொல்லு?"

"மூணடி. நீங்கதானே போட்டீங்க."

"உள்ள டேப்ப வெச்சிப் பாரு."

வைத்தேன். இரண்டரை அடிதான் இருந்தது.

"மூணுன்னா ரெண்டு பக்க நெலைக் கட்டையும் சேத்துதாம்மா மூணு. நாங்க அப்டிதான் சொல்லுவோம். உன் பொட்டி வழிய மட்டும் மூணுன்னு எடுத்துக்கினு, கட்டைய அதுக்கு வெளிய வெக்கிது. எப்டி அடங்கும்?"

எனக்கு உச்சந்தலைவரை சந்தோஷம் ஏறியது. சிவப்பு ஏன் என்று தெரிந்துவிட்டது. மறு நிமிடமே அது இறங்கிவிட்டது. பாய் சொன்ன மூன்றடிக் கதவில் வழி முப்பது அங்குலம்தான். கதவுப் பலகையின் கனம் போனால் இன்னும் குறைவு. அக்காவின் நாற்காலி இருபத்தாறு அங்குலம், சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்குப் பக்கத்துக்கு இரண்டு அங்குலமாவது வேண்டும். ஒவ்வொரு முறையும் அவள் விரல்முட்டி சிராய்த்துக்கொண்டுதான் நுழைந்திருப்பாள். மூன்று நாளாக நான் திட்டித் தீர்த்த மென்பொருள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

நடைவழியை விட்டுவிட்டோம். படுக்கையறைப் பக்கம் கொலுப் பொம்மைப் பெட்டிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் பாத்ரூமை ஒட்டி நீளமான சுவர் இருந்தது. பாரம் தாங்காத நாலரை அங்குலச் சுவர்தான், இடிக்கலாம் என்று ஒரு இன்ஜினியரும் வந்து பார்த்துச் சொன்னார். அங்கே மூன்றடி வழி கொடுத்தேன். சிவப்பு இல்லை. "அப்போ மூணரை நெலை. கதவ பக்கவாட்டுல இழுக்குற மாரி பண்ணிக்கலாம், பலக குறுக்க வராது" என்றார் பாய். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான ஆள் மயிலாப்பூரில் இருந்திருக்க முடியாது.

ஆனால் அக்கா திரையை நம்புகிறவள் இல்லை. அதனால் கீழே கார் நிறுத்துமிடத்தில் அந்தப் பாத்ரூமை நிஜ அளவில் சாக்பீஸால் வரைந்தேன். கம்மோடு வரும் இடத்தில் அதே உயரத்துக்குப் பாய் ஒரு மர ஸ்டூலைப் போட்டு, சுவரில் வரப்போகும் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு பெஞ்சை நகர்த்தி வைத்தார். மறுநாள் காலை அக்காவை அழைத்து வந்தோம். கோட்டைத் தொட்டால் சுவரில் இடித்த மாதிரி என்று சொன்னேன். அவள் சக்கரத்தைத் தள்ளினாள். மூன்றடி வழியில் இரண்டு கையும் தாராளமாகப் போயின. உள்ளே போய் நாற்காலியை நிறுத்தினாள். நான் டேப்போடு பின்னாலேயே ஓடினேன்.

"கதவைச் சாத்துடி" என்றாள்.

"அக்கா, அது வெறும் கோடு."

"நான் உள்ள இருக்கேன்ல? வெளிய போ. பாய், நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

பாய் சிரிக்கவில்லை. மரியாதையாகத் திரும்பி நின்றார். நானும் வெளியே வந்து வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களைப் பார்த்து நின்றேன். பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. ஸ்டூல் அசைந்தது. ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்று கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் அடங்கி, வெகு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு மறுபடியும் பெஞ்சு கிரீச்சிட்டது, சக்கரம் உருண்டது, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"திரும்பு, வந்துட்டேன்" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வேர்வை. "பாய், நாளைக்கே இடிக்க ஆரம்பிச்சிடுங்க."