வில்வ மரமும் என் ஷூவும்

இன்னிக்கு ஒரு நாள் டூர்ல கொரியாவுல ஒரு தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். வெளிய பல்லு கிடுகிடுன்னு ஆடற குளிர்.

பெரிய கண்ணாடி மாளிகைக்குள்ள நம்ம நாட்டு மரமெல்லாம் வளர்க்கறாங்க. கதவைத் திறந்ததும் எதிர்லயே வில்வம். அவ்வளவுதான், கை தானா ஷூவைக் கழட்டி வாசல்ல விட்டுடுச்சு.

"ஏய், இது கோயில் இல்லடி"னு வீட்டுக்காரர் சிரிச்சார்.

"வில்வம்ங்க"னு சொல்லிட்டு சாக்ஸோடயே சுத்தி வந்தேன்.

கடைசியில பாத்தா, வெளிய போற வழி பின்பக்கம். வந்த வழியா திரும்ப விடமாட்டாங்களாம். வெளிய தரையெல்லாம் பனி, பஸ் கிளம்ப பத்தே நிமிஷம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கதவைத் திறந்தா, முன்வாசல்ல டிக்கெட் பாத்த அம்மா மூச்சு வாங்க நிக்கறாங்க. ரெண்டு கையிலயும் என் ஷூ! ஹீட்டர்கிட்ட வெச்சிருந்தாங்க போல, கால் விட்டா கதகதன்னு இருந்துச்சு.

அவங்க பாஷையில ஒரு வார்த்தை தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவங்க என்னைவிட ஜாஸ்தியா குனிஞ்சாங்க.

நம்ம ஊரு திருவண்ணாமலைக்காரங்களே, கோயில்ல வடக்கே அம்மணி அம்மன் கோபுரத்துல செருப்பை விட்டுட்டு, கிழக்கே ராஜகோபுரம் வழியா வெளிய வந்து, வெயில்ல குதிச்சு குதிச்சு ஓடாதவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா கமெண்ட்ல வாங்க, உங்களையும் கும்பிட்டுக்கறேன்.