யார் வந்தா போவே?

அந்தத் தடத்தில் ஓடுகிற டிரைவர்களுக்கெல்லாம் அவரைப் பிள்ளைபிடி என்றால்தான் தெரியும். கண்டக்டர் வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒட்டிக்கொண்ட பேர். வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறுகிற பிள்ளைகளை மோப்பம் பிடிப்பதில் ஆள் கில்லாடி. பள்ளிக்கூடப் பையில் புத்தகத்தின் கனம் இருக்காது, துணி திணித்துத் தலையணை மாதிரி உப்பியிருக்கும். ஜன்னலோரம் காலியாகக் கிடந்தாலும் உட்காராது. எங்கே போகணும் என்றால் "கடைசி ஸ்டாப்" என்று சொல்லும். அவருக்கு அது போதும். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல நகர்ந்துவிடுவார். கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் தோளில் கைபோட்டு டைம் கீப்பர் அறைக்குக் கூட்டிப்போய், டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, அது தின்று முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"யார் வந்தா போவே?"

ஏன் ஓடி வந்தாய் என்று கேட்கமாட்டார். புத்திமதி, உருட்டல் மிரட்டல் எதுவும் கிடையாது. பிள்ளை யாரைச் சொல்கிறதோ அந்த ஆளுக்குத்தான் போன் போகும். அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, ஒரு தடவை கணக்கு வாத்தியார். சொல்லாத ஆள் வந்து நின்றால் அறைக்குள் விடமாட்டார். "பெத்த அப்பன்யா நான்!" என்று வாசலில் தாம்தூம் என்று குதித்தவர்கள் உண்டு. "பெத்தீங்க, யாரு இல்லைன்னா? புள்ள உங்களைச் சொல்லலையே" என்று கதவில் சாய்ந்துகொண்டு பல்குத்துவார்.

இந்த வழக்கம் சும்மா வந்ததல்ல. சின்ன வயதில் அவரும் ஓடினவர்தான். அவருடைய அப்பாவுக்கு வாயைவிடக் கை முந்திக்கொள்ளும், கையைவிட பெல்ட். பரீட்சையில் கோட்டை விட்ட அன்று, வீட்டுக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் பாவம், நல்லவர். நல்லது செய்வதாக நினைத்து அப்பாவையே வரவழைத்து ஒப்படைத்தார். அத்தையைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வார்த்தை தொண்டைவரை வந்ததாம். கேட்கத்தான் ஆளில்லை. அன்றைக்கு வீட்டில் விழுந்த அறையில் இடது காது போனது போனதுதான்.

ஆகவே ஓடுகிற பிள்ளைகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டில் இதே கச்சேரிதான்; எந்தப் பிள்ளையை எந்த அடையாளத்தில் பிடித்தார், அது ஏன் ஓடியது என்று.

"அப்பல்லாம் அடி தாங்காம ஓடுவான், பசி தாங்காம ஓடுவான், நடிக்கப் போறேன்னு ஓடுவான். இப்ப எந்த அப்பனுக்கு அடிக்கத் தைரியம் இருக்கு? போனைப் புடுங்கினா ஓடுறான். மார்க் கொறஞ்சா ஓடுறான். போன வாரம் ஒரு பொண்ணு, எவனோ அது படத்தைக் கிளாஸ் பூரா அனுப்பிட்டான்னு வந்து உக்காந்திருக்கு. அழக்கூட இல்ல அது."

"சாப்பிடும்போதாவது அதை விடுங்களேன்" என்பாள் மனைவி. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவள், அவர் பேச்சை மிஷின் சத்தம் மாதிரிப் பழகிக்கொண்டவள்.

அவர் சொன்ன காரணங்களில் ஒன்று விட்டுப்போயிருந்தது. அது எதிரில் உட்கார்ந்து, தட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மகனை அவர் அடித்ததே இல்லை. சத்தியமாக ஒரு அடிகூட இல்லை. அது அவருக்குப் பெரிய பெருமை. பார்த்தார், அவ்வளவுதான். காலையில் பையன் கிளம்பும்போது பையை ஒரு விரலில் தூக்கிக் கனம் பார்ப்பார். அவன் போன் எந்தத் தெருவில் நிற்கிறது என்பது இவர் போனில் புள்ளியாகத் தெரியும். முடியை வேறுமாதிரி வெட்டிக்கொண்டு வந்தால், "என்ன, அடையாளம் மாத்துறியா?" என்பார். யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய், ஏன் சிரிக்கவில்லை? அறைக் கதவு சாத்தியிருந்தால் திறந்து தலையை நீட்டுவார். கடைசியாகக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றி அலமாரியில் எறிந்தார். "இனிமே கதவைச் சாத்தினே, இதை வெளிப்பக்கம் போட்டுருவேன்" என்று சிரித்தார். அவருக்கு அது தமாஷ். பையன் சிரிக்கவில்லை.

அடிக்கிற அப்பனாவது கை ஓய்ந்ததும் தூங்கிப்போவான். பார்க்கிற அப்பனுக்கு ஓய்வு ஏது?

அவருக்கு ஓய்வுநாளான ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து போன் வந்தது. பையன் வரவில்லையாம். புள்ளியைப் பார்த்தார், வீட்டையே காட்டியது. பையனின் போன் தலையணைக்கடியில் கிடந்தது.

"பை கனமாத்தானே இருந்துச்சு!" என்றார். காலையில் தூக்கிப் பார்த்திருந்தார். அத்தனை புத்தகமும் உள்ளே இருந்தது, நிம்மதியாக அனுப்பினார். "கனமாத்தானே இருந்துச்சு, நீயும் பாத்தியே!"

"எனக்கு எதுக்கு அவன் பை?" என்றாள் மனைவி.

எல்லாத் தடத்துக் கண்டக்டர்களையும் கூப்பிட்டார். "படம் வந்துச்சுண்ணே, கூட்டத்துல மூஞ்சியா தெரியுது? வேற ஏதாவது அடையாளம்?" என்று அவர்கள் கேட்டபோது "பை கனமா இருக்கும்" என்பதோடு நின்றார். தெரிந்த அடையாளங்களையெல்லாம் சோற்றோடு சோறாக அவனுக்கே ஊட்டி வளர்த்திருந்தார். கனமான பையோடு, ஜன்னலோரமாக உட்கார்ந்து, ஊர்ப் பேரைத் தெளிவாகச் சொல்கிற பையன் உலகத்தில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். வாசலுக்கும் பஸ் நிலையத்துக்கும் பைத்தியம் பிடித்தவர்போல அலைந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் விசில் என்கிற கண்டக்டர் போனில் கூப்பிட்டான். தேவையே இல்லாமல் விசில் ஊதுவதால் அந்தப் பேர். இவரிடம் வேலை பழகியவன்.

"அண்ணே, தம்பி இங்கதான் இருக்கான். நல்லா இருக்கான், பயப்படாதீங்க."

அவர் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "எதை வச்சுடா கண்டுபிடிச்சே?"

"நான் எங்கண்ணே கண்டுபிடிச்சேன்? எனக்குச் சந்தேகமே வரல. இறங்கினதும் அவனே நேரா என்கிட்ட வந்தான். 'வீட்டை விட்டு வந்துட்டேன். எங்கப்பா எல்லார்கிட்டயும் கேப்பாரே, அதை என்கிட்டயும் கேளுங்க'ன்னான்."

"கேட்டியா?"

"கேட்டேன்." விசில் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மா மட்டும் வரணும்னான். நீங்க வந்தா இங்கேருந்தும் போயிருவானாம். அடுத்த தடவை யார்கிட்டயும் வந்து சொல்லமாட்டானாம்."

"டேய், பெத்த அப்பன்டா நான்!"

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது, நல்ல காதில். அந்தப் பக்கம் விசில் டைம் கீப்பர் அறைக் கதவில் சாய்ந்து நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. அப்படி நிற்கக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்.

மனைவியை பஸ் ஏற்றிவிடப் போனார். அவள் ஏறியதும் இவர் காலும் தானாகப் படியில் ஏறியது.

"வாங்க. வெளிய தள்ளி நில்லுங்க போதும். உங்களைப் பாத்தா மனசு மாறிடும்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் வேறு பக்கம் போனது.

அவருக்குப் போகத்தான் ஆசை. உயிரே போகிற மாதிரி ஆசை. அறை வாசலில் குதித்த அத்தனை அப்பன்மார்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று முதல்முறையாகத் தோன்றியது. காலைக் கீழே வைத்தார்.

"நீ போய்ட்டு வா."

வீட்டுக்கு வந்து அலமாரியில் தேடித் தாழ்ப்பாளை எடுத்தார். திருகாணி ஒன்று தொலைந்திருந்தது. மிஷின் இழுப்பறையைக் கிளறி ஒன்று எடுத்தார். கதவின் உள்பக்கம், பழைய ஓட்டையிலேயே வைத்து முடுக்கினார். சரியாக விழுகிறதா என்று பார்க்க உள்ளே போய்ப் போட்டும் பார்த்தார். விழுந்தது. பையனின் கட்டிலில் உட்கார்ந்தார். இத்தனை நாள் தலையை நீட்டி நீட்டிப் பார்த்த அறையில் ஒரு மேஜை, ஒரு கட்டில், கொடியில் ஒரு துண்டு. வேறொன்றும் இல்லை. வாய்விட்டு அழுதார்.

மனைவி போனில் கூப்பிட்டபோது அதே இடத்தில்தான் இருந்தார்.

"வீட்டுக்கு வரமாட்டேங்கறான். எங்க அண்ணன் வீட்டுல இருந்து படிக்கிறானாம். நான் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

"எத்தனை நாளைக்கு?"

"அதையெல்லாம் இப்பக் கேக்காதீங்க."

"சரி. கேக்கல." நல்ல காதில் போனை அழுத்தி வைத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு அவன்கிட்ட. தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டுட்டேன்னு சொல்லு."

அவள் சொல்வது கேட்டது. நடுவில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது, பையன் சொன்னது அதில் அமுங்கிப்போனது. அவள் மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

"எந்தப் பக்கம்னு கேக்கறான்."