ஒரு தையல் மிஷினின் விலை

குஷன்காரர் தன் வாழ்நாளில் ஒரே ஒருவருக்குத்தான் கடன்பட்டிருந்தார். பக்கத்துக் கடை சலூன்காரருக்கு. கடன், ஒரு தையல் மிஷினின் விலை.

மற்றபடி எவனும் அவரைப் பார்த்து விரல் நீட்ட முடியாது. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். லாரி சீட்டுக்கு ரெக்ஸின் தைக்கப் பழகி, வாடகைக்கு ஒரு கடை பிடித்து, பிறகு அந்தக் கடையையே விலைக்கு வாங்கி, மூன்று பெண்களைக் கரையேற்றியவர். "நான் தச்ச சீட்டுல உக்காந்தவன் எறங்க மனசில்லாம டீசல் தீர்ற வரைக்கும் ஓட்டுவான்" என்பார். அதில் பாதியாவது உண்மை.

ஆனால் எல்லாம் தொடங்கியது அந்த மிஷினில்தான். அப்போது இரண்டு கடைக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். அதன் உச்சியில் ஓட்டை வெட்டி ஒரே பல்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெளிச்சமும் பாதி, கரண்டு பில்லும் பாதி. முடி வெட்டிக்கொள்ள வந்தவன் தலையில் பஞ்சோடு போவான். சீட்டு தைக்கக் கொடுக்க வந்தவன் சட்டையில் முடியோடு போவான். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்த காலம் அது.

சலூன்காரர் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். ஒரு சீப்பும் இரண்டு கத்தியுமாக வந்து சேர்ந்தவர். குஷன்காரர் கோணி ஊசியால் கையிலேயே தைத்து விரலெல்லாம் பொத்தலாகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஒருநாள் பணத்தை மேஜைமேல் வைத்தார்.

"பெரிய மிஷின் ஒண்ணு வெலைக்கு வருதாம். வாங்கிக்கோ தம்பி. உன் கையில ரத்தத்தப் பாத்துக்கிட்டு என்னால சவரம் பண்ண முடியல."

மறு வருஷம் ஒரு பஸ் முழுக்க சீட்டு தைக்கும் வேலை வந்தது. கூலி கைக்கு வந்த அன்றே, வாங்கிய தொகையைப் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தியபடி சலூனுக்குள் நுழைந்தார் குஷன்காரர். பொட்டலத்தைப் பார்த்ததும் சலூன்காரரின் முகம் செத்துப்போனது.

"நான் என்ன தப்பு பண்ணேன் தம்பி?"

"தப்பா? அண்ணே, இது உங்க பணம்ணே. வாங்கினதத் தர்றேன்."

"எடுத்துட்டுப் போ. என்கூடப் பேச்சு வேணாம்னா வாயால சொல்லிட்டுப் போ."

அதன்பிறகு பல வாரம் டீ தனித்தனியாக வந்தது. பல்பு மட்டும் இரண்டு பக்கமும் எரிந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது குஷன்காரரின் மனைவி. தண்ணீர்க் குழாயடியில் சலூன்காரரின் மனைவியிடம் பேச்சுக் கொடுத்துக் கறந்துகொண்டு வந்தாள்.

"உறவ முறிக்கணும்னாதான் அவங்க ஆளுங்க கணக்குத் தீர்ப்பாங்களாம்ங்க. வேண்டியவங்களுக்குள்ள எப்பவும் ஏதாவது பாக்கி நிக்கணுமாம். நீங்க போயி அவரு மூஞ்சியில அடிச்ச மாதிரி நீட்டியிருக்கீங்க."

"இது என்னடி கூத்து! வாங்கினவன் குடுக்கலேன்னா திருடன். குடுத்தா பகையாளியா?"

அவருக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அவர் வளர்ந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. கடன் கொடுத்தவர் வந்து அதில் உட்கார்ந்தால், எழுந்து போகும்வரை அப்பா நின்றுகொண்டே இருப்பார். சொந்த வீட்டில், சொந்த நாற்காலிக்கு முன்னால். குஷன்காரர் சீட்டு தைக்கப் போனதற்கே அந்த நாற்காலிதான் காரணமோ என்னவோ.

நேர்வழி அடைபட்டதும் அவர் குறுக்குவழி பார்த்தார். சலூனின் சுற்றும் நாற்காலி கிழிந்தபோது, இருப்பதிலேயே உசத்தியான ரெக்ஸினைப் போட்டுத் தைத்துக் கொடுத்தார். சலூன்காரர் கூலியை எடுத்து நீட்டினார்.

"கூலி வேணாம்ணே."

"கூலி குடுக்காம வேல வாங்கினா திருட்டு. எங்க ஊர்லயும் அதுக்கு அதே பேருதான். பிடி."

அந்தப் புது நாற்காலியிலேயே ஒருநாள் சவரத்துக்கு உட்கார்ந்தபடி குஷன்காரர் வழக்கைத் திறந்தார்.

"நியாயம்னா எல்லா ஊருக்கும் ஒண்ணுதாண்ணே. பசி மாதிரி."

"ஆடாத. கழுத்துல கத்தி." ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சலூன்காரர் சொன்னார்: "பசி ஒண்ணுதான் தம்பி. மாட்டிக்கிட்டு முழிக்கிறவன விட்டுட்டுப் போறவன எங்க ஊர்ல நல்லவன்னு சொல்றதில்ல. உங்க ஊர்ல?"

"சொல்லமாட்டோம்."

"அவ்ளோதான். மிச்சமெல்லாம் சமையல். ஊருக்கு ஊரு வேற."

குஷன்காரர் அத்தோடு வழக்கை மூடினார். கன்னத்தில் சோப்பு இருந்ததால்தான் மூடினேன் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார்.

வருஷங்கள் ஓடின. டீ மறுபடி ஒன்றாக வந்தது. பலகைச் சுவர் போய்ச் செங்கல் சுவர் வந்தது, பல்பும் இரண்டானது. சுவர் எழும்பிய அன்று இரண்டு பேருக்குமே வேலை ஓடவில்லை. கடன் மட்டும் அப்படியே நின்றது.

தலை நரைத்த பிறகு குஷன்காரருக்கு நெஞ்சில் அடைப்பு என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மார்பு முடியை மழிக்க வந்த ஆஸ்பத்திரி ஆளை விரட்டிவிட்டுச் சலூன்காரரைத்தான் கூப்பிட்டனுப்பினார். தலையணைக்கு அடியில் பணம் தயாராக இருந்தது.

"அண்ணே, நாளைக்கு நான் எந்திரிக்கலேன்னா கடன்காரனாப் போறேன். எங்கப்பா மாதிரி நின்னுக்கிட்டே போக என்னால ஆகாது. வாங்கிக்கோங்க."

சலூன்காரர் மழிப்பதை நிறுத்தினார். கத்தியைத் துண்டில் துடைத்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாக்கி வெச்சுட்டுப் போனா உனக்கு அசிங்கம். வாங்கிக்கிட்டா, நீயும் நானும் முடிஞ்சுபோச்சுன்னு எனக்கு."

"ஆமா."

"சரி, அப்போ எனக்கு ஒரு கடன் குடு."

"என்னது?"

"கைமாத்துப்பா. ஒரு தையல் மிஷின் வெல."

குஷன்காரர் வாயைப் பிளந்தார்.

"நீ அடைச்சுட்டேன்னு சொல்லிக்கோ. நான் வாங்கியிருக்கேன்னு சொல்லிக்கிறேன். ஆனா ஒண்ணு, கடன் குடுத்தவன் வந்து கேக்கணும். தையல் பிரிச்சதும் என் கடைக்கு வா. நீ தச்ச நாற்காலியிலயே உக்காந்து கேளு. நான் நின்னுக்கிட்டுப் பதில் சொல்றேன்."

"கேட்டா குடுப்பீங்களா?"

"எதுக்குக் குடுக்கணும்? நாம என்ன பகையாளியா?"

குஷன்காரர் சிரிக்கப் போய் இருமினார். "சும்மா இருங்க, நர்ஸ் வந்து என்னத்தான் வைவா" என்று கட்டிலோரம் நின்று அதட்டிய மனைவியின் கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கு வெலையா, இன்னைக்கு வெலையாண்ணே?"

"அன்னைக்கு வெல போதும். மேல கேட்டா உன் பொண்டாட்டி கத்திய எடுத்துருவா."

சலூன்காரர் சோப்பு ஈரத்தைத் துண்டில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார். குஷன்காரர் தலையணையில் கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, ஒவ்வொரு நோட்டாக, அந்த விரிந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.