பெட்டிஷன் சார் போட்ட கையெழுத்து

ஜெயச்சந்திரனுக்குச் சத்தம் ஆகாது. இதை அவர் எப்போதும் சத்தமாகத்தான் சொல்லுவார். ஹைதராபாத் மௌலா அலியில் ஸ்டேஷனை ஒட்டிய காலனியில் அவர் தம் வீட்டுக் கூடத்தில் நின்று பேசினால், நாலாவது வீட்டில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கேட்கும். "ஊர்ச் சத்தத்த எல்லாம் அடக்கப் போறிய, சரி. உங்க தொண்டைய யாரு அடக்குவா?" என்று மனைவி மங்கையர்க்கரசி கேட்பாள்.

பாளையங்கோட்டையிலிருந்து எழுபத்தாறில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவர். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்து, சூப்பரின்டென்டென்டாக ரிடையர் ஆனார். ரிடையர் ஆன மறுநாளே காலனி சங்கத்துக்குச் செயலாளரும் ஆனார். அந்தப் பதவியை வேறு யாரும் சீண்டவில்லை என்பது வேறு விஷயம். குழாயில் தண்ணீர் வரவில்லையா, தெரு விளக்கு எரியவில்லையா, அவர் ஒரு மனு எழுதுவார். அச்சடித்தது போன்ற ஆங்கிலம். காலனியில் அவருக்குப் பெட்டிஷன் சார் என்றே பெயர்.

அவருடைய பரம விரோதி மெயின் ரோட்டிலிருந்த ஃபங்ஷன் ஹால். முகூர்த்த நாள் வந்துவிட்டால் பேண்டு, மர்ஃபா மேளம், லாரி மேல் ஏற்றிய ஸ்பீக்கர் என்று மாப்பிள்ளை ஊர்வலம் காலனி வாசலிலேயே நின்று ஆடும். வீட்டில் எவர்சில்வர் தட்டெல்லாம் அலமாரியில் இருந்தபடியே கூட ஆடும். "குடியிருப்புப் பகுதியில பகல்ல அம்பத்தஞ்சு டெசிபல், ராத்திரி நாப்பத்தஞ்சு. சட்டம் இருக்கு, தெரியுமா?" என்று கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்லுவார். ஹாலின் மேல் பதினேழு மனு போட்டிருந்தார். பதினேழுக்கும் 'பெற்றுக்கொண்டோம்' என்று சீல் குத்திக் கொடுத்தார்கள். அதோடு சரி.

இத்தனை கெட்டிக்காரரிடம் ஒரே ஒரு குறை இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஹைதராபாத்தில் குப்பை கொட்டியும் அவருக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது.

பேச்சு வேறு. பேச ஆரம்பித்தால் விஜயவாடாக்காரனிடம் ஒரு தெலுங்கு, வரங்கல்காரனிடம் ஒரு தெலுங்கு என்று வெளுத்து வாங்குவார். நடுவில் அந்த ஊர் உருதுவிலிருந்து நக்கோவும் ஹவ்வும் தூவிக்கொள்வார். எழுத்துத்தான் ஒட்டவில்லை. ஆபீசில் எல்லாம் ஆங்கிலம். பஸ்ஸுக்கு நம்பர் இருக்கிறது. முதல் பத்து வருஷம், இதோ மெட்ராஸுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிடும், இதைக் கற்று என்ன ஆகப்போகிறது என்று இருந்தார். அதற்குப் பிறகு, தெரியாது என்று சொல்ல வெட்கமாகிவிட்டது. டீக்கடையில் தெலுங்குப் பேப்பரை விரித்துப் படங்களைப் பார்த்து, "அடேயப்பா, அநியாயமா இல்ல இருக்கு!" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் ஆமாம் சார் என்று செய்தி முழுவதையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். இந்த ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்: மங்கையர்க்கரசியும், தார்நாகாவில் ஒரு லேபில் வேலை பார்த்த மகள் அனுபமாவும்.

சுற்றியுள்ள நகராட்சிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பெரிய மாநகராட்சி ஆக்கிய மறு வருஷம், இரண்டாயிரத்து எட்டு. புதிய சர்க்கிள் ஆபீஸில் மனுவைத் தெலுங்கில் கொடுத்தால் வேகமாக நகர்கிறது என்று யாரோ சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். ஜெயச்சந்திரன் கனைத்துக்கொண்டார். அப்போது ஸ்ரீனிவாஸ் எழுந்தான். எதிரே புதிதாக வந்த அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் சாஃப்ட்வேர்க்காரன், விஜயவாடாப் பக்கம்.

"அங்கிள், அந்தச் சவுண்டு விஷயமா நானே தெலுங்குல எழுதித் தரேன். நான் சரியாத் தூங்கி மூணு மாசம் ஆச்சு" என்றான் தெலுங்கில்.

"எழுது தம்பி, எழுது! அந்தச் சத்தத்துக்கு ஒரு முடிவு கட்டியே ஆகணும்" என்றார் இவர்.

அந்தச் சத்தம் என்றால் இவருக்கு ஃபங்ஷன் ஹால். ஸ்ரீனிவாஸுக்கோ அமெரிக்காவில் பகலாக இருக்கும்போதுதான் இங்கே வேலை. ஊரே தூங்கும் நேரத்தில் பேண்டு அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அவன் வீட்டில் இல்லை. விடிந்த பிறகு வந்து படுப்பான். சரியாகப் பத்து மணிக்கு அவன் ஜன்னலுக்கு நேர் கீழே யாதம்மாவின் கிர்ணி ஓட ஆரம்பிக்கும். மாவு மில்லுக்கு அந்தப் பக்கத்தில் கிர்ணி என்று பெயர். அவன் எழுதியது அந்தச் சத்தத்தைப் பற்றி. பாவம், இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

மனு டைப் அடித்து இரண்டு பக்கம் வந்தது. ஜெயச்சந்திரன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக நிதானமாக இறக்கிக்கொண்டு வந்தார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "ம்ம்" என்றார். கடைசி வரியைத் தட்டி, "இங்க இன்னும் கொஞ்சம் காரம் வேணும் தம்பி" என்றார். ஸ்ரீனிவாஸ் மரியாதையாக அங்கே பேனாவால் ஒரு வார்த்தையைச் சேர்த்தான். அவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு, சங்க முத்திரையையும் குத்தினார். அடுத்து ஸ்ரீனிவாஸ் போட்டான்.

அதோடு விட்டாரா? இங்க் பேடோடு வீடு வீடாகப் போனார். "நான் படிச்சுப் பாத்துட்டேன், கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க" என்றார். போட்டார்கள். முப்பது பேர் ஆனதும் கிர்ணிக்குள் நுழைந்தார்.

யாதம்மா அறுபதை நெருங்குகிறவள். இருபது வருஷமாக அந்த மோட்டாரையும் பெல்ட்டையும் ஒற்றை ஆளாக ஓட்டுகிறாள். எந்த வீட்டுக்கு என்ன மாவு என்று அவளுக்கு மனப்பாடம். மங்கையர்க்கரசியின் அரிசி வந்தால், "இடிஅப்பமா?" என்று கேட்டு இரண்டு தரம் நைசாக ஓட்டிக் கொடுப்பாள். புருவம் முதல் கால்விரல் வரை வெள்ளையாக நின்றவள், "பேண்டுக்காரங்க மேலயா சாரு?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றதும் முந்தானையில் மாவைத் துடைத்துவிட்டு, "என் பேரையும் போடு!" என்று பெருவிரலை அழுத்தமாக வைத்தாள். தன் கிர்ணியை மூடச் சொல்லும் மனுவில் அவளே ரேகை வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, அவள் ஒரு காகிதத்தோடு ஜெயச்சந்திரன் வீட்டு வாசலில் நின்றாள். "ஆபீஸ்காரன் கொடுத்துட்டுப் போனான். சதிவி செப்பு சாரு" என்றாள். படித்துச் சொல் என்கிறாள்.

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். முழுக்கத் தெலுங்கு. "என் கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல..." என்று இழுத்தார்.

"உங்க மூக்குலதான் இருக்கு" என்று உள்ளேயிருந்து மங்கையர்க்கரசி சொல்லித் தொலைத்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அனுபமா வந்து காகிதத்தை வாங்கி உரக்கப் படித்தாள். பள்ளியில் தெலுங்கு எடுத்துப் படித்தவள். தமிழில் கேட்டால் பாதித் தெலுங்கிலும் பாதி ஆங்கிலத்திலும்தான் பதில் சொல்லுவாள். குடியிருப்புப் பகுதியில் அளவுக்கு மேல் சத்தம் எழுப்பும் கிர்ணியின் லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு நோட்டீஸ். வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. கூடவே புகார் மனுவின் நகல். கிர்ணியை 'உடனடியாக' மூட வேண்டும் என்று கடைசி வரி. அந்த 'உடனடியாக' மட்டும் பேனாவால் சேர்த்தது. அனுபமா அடுத்த பக்கத்தைத் திருப்பி, குரல் இறங்கி, "ஃபர்ஸ்ட் சைன் நீதே, டாடி" என்றாள். முதல் கையெழுத்து உன்னுடையதுதான்.

யாதம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டால் என்ன, தன் ரேகை தெரியாதா? கடைசியில் இருந்த அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நுவ்வு சதிவினவ் கதா சாரு?" என்றாள். நீதானே படித்தாய்?

எனக்குப் படிக்கத் தெரியாது என்ற மூன்று வார்த்தையை அப்போது சொல்லியிருந்தால் பாதிக் காரியம் முடிந்திருக்கும். வாய் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். யாதம்மா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, படியிறங்கிப் போனாள். மறுநாள் மங்கையர்க்கரசி கொண்டுபோன அரிசியை இரண்டு தரம் நைசாகத்தான் ஓட்டிக் கொடுத்தாள். இடிஅப்பமா என்று மட்டும் கேட்கவில்லை. மங்கையர்க்கரசிக்கு வழியெல்லாம் கண் கலங்கியது.

வியாழக்கிழமை வரை ஜெயச்சந்திரன் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் மெல்ல ஆரம்பித்தார். "அந்த ஸ்ரீனிவாஸ் பய ஒழுங்காச் சொல்லல. சவுண்டு, சவுண்டுன்னான். என்ன சவுண்டுன்னு தெளிவாச் சொல்லியிருக்கணுமா இல்லியா?"

மங்கையர்க்கரசி காய் நறுக்குவதை நிறுத்தினாள். "அந்தப் பையன் எழுதி உங்க கையிலதான குடுத்தான்? ரெண்டு பக்கத்தையும் விரல் வச்சுப் படிச்சிய. காரம் வேணும்னிய. இப்பம் அவன் தலையில பழியப் போட்டியன்னா நான் உங்க கூடப் பேச மாட்டேன், பாத்துக்கிடுங்க."

"பின்ன நான் என்னன்னு சொல்ல? அத்தன பேருக்கு முன்னால?"

"உள்ளதச் சொல்லுங்க" என்றாள். பிறகு குரல் தணிந்து, "படிக்கத் தெரியாததுல ஒரு கொறையும் இல்ல. எனக்குந்தான் தெரியாது. அந்த மனுசி இனி எங்க போவா, அத நெனைங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை சர்க்கிள் ஆபீஸில் ஒரு மேஜை, நாலு நாற்காலி. பொறுப்பு அதிகாரி ஒரு அம்மாள், முன்னால் பைல். ஸ்ரீனிவாஸ் தூக்கம் விட்டு வந்ததில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். யாதம்மா உட்காரவே இல்லை. மாவு இல்லாத சேலையில், சுவரோரமாக நின்றாள்.

அதிகாரி மனுவைப் புரட்டினார். "இதென்ன விசித்திரம்? புகார் கொடுத்தவர்களில் கடைசி ஆள் யாதம்மா. புகாருக்கு உள்ளானவரும் யாதம்மா. ஏனம்மா, உன் கிர்ணியை மூடச் சொல்லி நீயே ரேகை வைத்தாயா?"

ஜெயச்சந்திரன்தான் எழுந்தார். "மேடம், இந்த மனுவைத் திரும்பப் பெறணும். நான் ஃபங்ஷன் ஹாலைப் பத்தின மனுன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டேன். மத்தவங்களையும் அப்படிச் சொல்லித்தான் போட வச்சேன்."

"அப்படியானால் உங்களிடம் யாராவது மாற்றிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்களா?" என்று கேட்டு, அதிகாரி ஸ்ரீனிவாஸைப் பார்த்தார். அவன் பதறிப்போய் வாயைத் திறந்தான்.

ஆமாம் என்று ஒரு தலையாட்டு. போதும். மானமும் மிஞ்சும், கிர்ணியும் மிஞ்சும். ஜெயச்சந்திரன் அந்தச் சிவந்த கண்களைப் பார்த்தார்.

"இல்ல மேடம். தம்பி எழுதினது சரியாத்தான் இருக்கு. அவன் தூங்கல, அதுவும் நெசம். நான்தான் படிக்கல." கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "நாகு தெலுகு சதவடம் ராது. முப்பத்திரண்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். படிக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். இந்த அம்மாவையும் நான்தான் ரேகை வைக்க வச்சேன்."

அவர் வாழ்நாளிலேயே இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. இருந்தும் அறை முழுவதும் கேட்டது. பக்கத்து மேஜை கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டார். யாதம்மா சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். மற்ற முப்பது கையெழுத்தும் போனாலும் ஸ்ரீனிவாஸின் ஒரு கையெழுத்து செல்லும், தூக்கமும் மனிதனுக்கு உரிமைதான் என்றார். கிர்ணியைப் பகல் இரண்டு மணிக்கு மேல் ஓட்டினால் என்ன என்று கேட்டார். ஸ்ரீனிவாஸ், "எனக்கு அது போதும் மேடம். மூடச் சொல்லி எழுதினது கோபத்துல" என்றான். மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைக்க வேண்டும், ஜன்னல் பக்கத்துச் சுவரை அடைக்க வேண்டும், லைசென்ஸ் இருக்கும். அரைமணியில் முடிந்துவிட்டது.

"மனுவைத் திரும்பப் பெறுவதற்கு எழுதிக் கொடுங்கள்" என்றார் அதிகாரி.

ஜெயச்சந்திரன் பழக்கத்தில் பேனாவை எடுத்தார். தெலுங்கில்தான் வேண்டும் என்றதும் மூடி வைத்தார். அவர் வாயால் சொல்லச் சொல்லக் கிளார்க் எழுதினார். எழுதி முடித்து, அடியில் சட்டப்படி ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார்: எழுத்து அறியாதவர்களாகையால் இவர்கள் இருவருக்கும் படித்துக் காட்டப்பட்டு, சரி என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்த வரியை ஜெயச்சந்திரன் தம் சர்வீஸில் எத்தனையோ கூலியாட்களின் ரேகைக்குக் கீழே எழுதியிருக்கிறார். இன்றைக்கு அது அவர் பெயருக்குக் கீழே ஏறியது. காது மடல் வரை சிவந்துபோய், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளார்க் தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அப்போது யாதம்மா ஜெயச்சந்திரன் பக்கத்தில் வந்து நின்று, முழங்கையால் அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

"இந்தத் தடவையாவது நல்லாக் கேளு, சாரு" என்றாள்.