டெய்லர் அண்ணன் துணிமேல் போட்ட பழி

என் சின்ன மகள் பிறந்த பிறகு எனக்கு எந்தச் சட்டையும் சேரவில்லை. வெளியே சொல்ல வெட்கம். நான் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிற கடையிலேயே, டெய்லர் அண்ணனிடம் ஒரு சட்டையை மட்டும் நீட்டி, "கொஞ்சம் பிடிக்குதுண்ணே" என்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார்.

"இந்தத் துணி தண்ணி பட்டா சுருங்கும் தங்கச்சி. மத்ததையும் கொண்டா."

எல்லாவற்றையும் பக்கத் தையல் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை விட்டுக் கொடுத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பொய்யைக் கடவுள் புண்ணியத்தில்தான் சேர்த்திருப்பார்.

அதே பொய்யை அண்ணன் தனக்கும் சொல்லிக்கொண்டதுதான் வேடிக்கை. நமக்கு உடம்பு பெருத்தால் உடுப்பு இறுக்கிக் காட்டிக்கொடுக்கும். டெய்லரிடம் அது நடக்குமா? பேண்ட் இடுப்பில் பிடித்தால் போதும், தையலைப் பிரித்து விட்டுக்கொள்வார். விட்டுக்கொள்ளத் துணி தீர்ந்ததும் பின்பக்கம் ஒரு முக்கோணத் துண்டும் வைத்தாயிற்று.

"கல்யாணத்துக்குப் போட்ட பேண்ட் இன்னும் சேருது பாரு" என்று பெருமை வேறு.

"சேரும், சேரும். அதுல பாதி என் ஜன்னல் திரை" என்பார் அண்ணி.

அண்ணனுக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டரம்மா எப்போதோ சொல்லியிருந்தார். அண்ணன் நினைப்பு வந்தால் மாத்திரை போடுவார். இனிப்பு பன்னைப் பட்டன் டப்பாவில் ஒளித்துவைப்பார். அந்த டப்பாவைத் திறக்கிறவளே நான்தான் என்பது அவருக்கு எப்போதும் மறந்துபோகும்.

ஒரு மதியம் சாப்பாடு கொண்டுவந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னங்க, மிதிகட்டையில ரத்தம்!"

குதிகாலில் குண்டூசி ஏறியிருந்தது. அண்ணன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். காலைத் தூக்கிப் பார்த்து, "வலிக்கவே இல்லையே" என்று சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டரம்மாவும் சிரிக்கவில்லை. "வலிக்கலைங்கறதுதான் பயமா இருக்கு. சர்க்கரை ஏறி ஏறி, கால் நரம்பு உணர்ச்சி இழந்துட்டிருக்கு. புண் ஆறாம உள்ளே போச்சுன்னா பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம்."

"பாதம் இல்லாம மெஷினை எப்படி மிதிக்கிறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சரி, இடுப்பு அளவு என்ன?"

அண்ணன் கல்யாணத்தன்று இருந்த அளவைச் சொன்னார். ஊரையே அளந்தவர், தன்னை அளந்ததில்லை. டாக்டரம்மா அவர் கழுத்தில் கிடந்த டேப்பையே உருவி இடுப்பில் சுற்றிக் காட்டினார். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"டேப் சுருங்கியிருக்கும் டாக்டர்."

"அதையும் பிரிச்சு விடப் போறீங்களா?" என்றார் அண்ணி. சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அண்ணன் டேப்பைச் சுருட்டிவிட்டுக் காலை டாக்டரம்மா பக்கம் நீட்டினார்.

புண்ணுக்குக் கட்டுப் போட்டுக் காலை நீட்டி உட்காரவைத்தார்கள். மெஷின் சும்மா கிடந்தது. நான் தினமும் அந்தக் காலுக்காக வேண்டிக்கொண்டேன். "என் காலுக்கு வேண்டினியா, பன்னு திரும்பி வராம இருக்க வேண்டினியா?" என்று கேட்பார். இரண்டுக்கும்தான்.

மாத்திரை வேளை தவறவில்லை. தட்டில் பாதி காய்கறி. புண் மெல்ல மெல்ல ஆறி, டாக்டரம்மா நடக்கலாம் என்றதும், சாயங்காலம் அண்ணியோடு நடை. வழியில் எதிர்ப்படுகிறவர்களோடு பேசிக்கொண்டே, அவர்கள் காலரையெல்லாம் அண்ணன் திருத்திக்கொண்டு நிற்பார். "பேசறது வாய், நடக்கறது கால். ரெண்டையும் சேத்துத் தைக்காதீங்க" என்று அண்ணி இழுத்துக்கொண்டு போவார். வெறுங்காலோடு மிதித்தால்தான் மெஷின் பேச்சுக் கேட்கும் என்றவர், மூடின செருப்போடு மிதிக்கப் பழகினார். காலையில் கடை திறந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து, காயம் ஏதும் இருக்கிறதா என்று உள்ளங்காலைப் பார்ப்பார். முகத்தைக்கூட அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

சர்க்கரை இறங்கியது. "இனி மாத்திரை வேண்டாமே" என்று அண்ணன் கேட்டதற்கு, "குறைக்கறது என் வேலை. நீங்களா நிறுத்தாதீங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு டாக்டரம்மாவே மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார். கால் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை, அதனால் கண்ணாடி தரையிலேயே இருந்தது. ஆனால் பேண்ட் நழுவத் தொடங்கியது. அண்ணன் அந்த முக்கோணத் துண்டைப் பிரித்து, இஸ்திரி போட்டு, அண்ணி கையில் கொடுத்தார். "உன் ஜன்னல் திரை, பத்திரமா வச்சுக்கோ."

பிறகு அண்ணனும் அண்ணியும் மகன் இருக்கும் ஊரோடு போய்விட முடிவு செய்தார்கள். போவதற்கு முன்னால் ஒரு சட்டையை நீட்டி, "கொஞ்சம் பிடிக்குதுண்ணே, வழக்கம்போல" என்றேன். கிளம்புகிற அன்று மடித்துக் கொடுத்தார். விரித்துப் பார்த்தேன். தையலில் கையே வைக்கவில்லை.

வண்டி ஏறப்போனவர் திரும்பி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"துணி சுருங்கல தங்கச்சி. நாளைக்கே போய் டாக்டரம்மாவைப் பாரு."