மீசையில்லாத கெளுத்தி

“…அப்ப இந்தக் கையகலத் தகடு மட்டுந்தான் எங்கப்பா ஓட்டுன வண்டி, மத்ததெல்லாம் எவன் வண்டியோ. அதானே தம்பி சொல்ல வர்றீங்க?”

கேட்டவர் என் தங்கை வீட்டுக்காரர். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நின்ற இடம் கோட்டுச்சேரி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. பழைய கார்களை வாங்கி மினுக்கி விற்கிற புரோக்கர் ஒருவனுடையது. மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். வாடா போடா என்று பேசுகிற மனிதர் ‘நீங்க’ என்று ஆரம்பித்தால் வீட்டில் எல்லாரும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வோம். அன்றைக்கு அந்தப் புரோக்கருக்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை கிளிஞ்சல்மேட்டுக்காரர். இரண்டு பைபர் படகும், மீன் ஏற்றுகிற வேன் ஒன்றும் வைத்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் கால் வைத்தாலே வாந்தி. “மீனு என்னைப் பாத்துச் சிரிக்குது, நான் எப்படி அதப் புடிக்கிறது?” என்பாராம். காரைக்காலில் ஐஸ் கம்பெனி வைத்திருந்த ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்தார். ஸ்டியரிங்கோடு கியர் ஒட்டியிருக்கிற அந்தக் காலத்து பியட் கார். முதலாளி சாகிறவரை அந்த ஒரே காரைத்தான் ஓட்டினார். பிறகு முதலாளி வீட்டார் அதை விற்றுவிட்டார்கள். யாரிடம் போனதென்று தெரியாது. கொஞ்ச காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது ஒரு போட்டோ. காரின் மூக்கில் கை வைத்து நிற்கிறார். நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது.

முதலாளி வண்டியில் பெண்டாட்டியை ஏற்ற மாட்டேன் என்பது அவருடைய பிடிவாதம். அத்தை, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, கடைசிவரை அதில் ஏறவேயில்லை. “கார்க்காரர் பொண்டாட்டின்னு ஊருல கூப்புடுறாங்க, நான் நெரவிக்கு நடந்து போறேன்” என்று சொல்லிச் சொல்லியே அவருக்கும் வயதாகிவிட்டது. அம்மாவை ஒருமுறையாவது அந்தக் காரில் உட்கார வைக்க வேண்டும், அதே காரில். மாப்பிள்ளையின் ஆசை அவ்வளவுதான். “வலை வாங்கக் காசு இல்ல, காருக்கு மாலை வாங்கப் போறாரு” என்று என் தங்கை மட்டும் முனகிக்கொண்டிருந்தாள்.

பழைய கார்களுக்கு இப்போது ஒரு மவுசு வந்திருக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டும், ரிசார்ட் வாசலில் நிறுத்த வேண்டும், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். கார் பழசாக இருந்தால் ஒரு விலை, அதற்கு ஒரு கதையும் இருந்தால் வேறு விலை. மாப்பிள்ளை தன் கதையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பழைய கார் பிரியர்கள் கூடுகிற பேஸ்புக் பக்கம் ஒன்றில் அப்பா போட்டோவைப் போட்டு, இந்த வண்டியைத் தேடுகிறேன் என்று எழுதினார். அதைப் பார்த்துத்தான் இந்தப் புரோக்கர் போன் பண்ணினான். “அண்ணே, அடையாளம் ஏதாச்சும் சொல்லுங்க, வேற வண்டிய காட்டி எவனாச்சும் உங்கள ஏமாத்திரக் கூடாது பாருங்க” என்றான். எவ்வளவு அக்கறை! மாப்பிள்ளை மடமடவென்று கொட்டினார். முதலாளியின் சுருட்டு டாஷ்போர்டில் சுட்ட தழும்பு. சின்ன வயதில் காருக்குள் காத்திருந்தபோது டாஷ்போர்டில் சாமான் வைக்கிற டப்பா மூடியின் உள்பக்கம் ஆணியால் கீறிய மீன்.

சில வாரம் கழித்து, “அண்ணே, கெடச்சிருச்சு” என்றான்.

பார்க்கப் போனபோது நானும் உடன் போனேன். மாப்பிள்ளை காரைப் பார்த்த விதம் படகு பார்க்கிற விதம். குனிந்து அடிப்பக்கம் முழுக்க விரல் முட்டியால் தட்டிக் காதால் கேட்டார். உப்புத் துரு எங்கே என்று நகத்தால் சுரண்டினார். என்ஜினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அதிலெல்லாம் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு உடைந்துபோனால் அதன் பெயரை அடுத்த படகின் மூக்கில் எழுதிவிடுவோம். மரம் வேறு, பைபர் வேறு, என்ஜின் வேறு, ஆனாலும் எங்களுக்கு அது அதே படகுதான். சுனாமியில் போன படகுகளின் பெயர்கள் இன்றைக்கும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. பெயர் இருந்தால் போதும் என்று பழகிய கண் அது. முன்னால் அதே நம்பர், ஆர்.சி.யிலும் அதே நம்பர். மூடியைத் திறந்தார், மீன் இருந்தது.

அப்படியே சீட்டில் உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கீறலை விரலால் தடவி, “கெளுத்தி போட்டேன் மச்சான், மீசையோட. மீசையக் காணும்” என்றார். பிறகு அவரே, “தேஞ்சிருக்கும்” என்றார்.

“இன்னொருத்தர்கிட்ட காட்டிக்கிட்டு வாங்குவமே மாப்ள” என்றேன்.

“நம்பர் இருக்கு, மீனு இருக்கு. இன்னும் எங்கப்பாவே எறங்கி வந்து கையெழுத்துப் போடணுமா மச்சான்?”

அன்றைக்கே காசை எண்ணிக் கொடுத்தார். கார் கிளிஞ்சல்மேட்டுக்கு வந்தது. மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அத்தை பின்சீட்டில் ஏறி நெரவிவரை போய்த் திரும்பினார். இறங்கும்போது முன்சீட்டின் முதுகில் முகத்தை வைத்து, “அவரு வாசனை அப்படியே இருக்குடா” என்றார். அந்த வாசனை எது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புரோக்கர் கொட்டகையில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறான். சீட்டுக்குப் போடுகிற பாலிஷ்.

பெயர் மாற்றுவதற்காக வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனோம். அங்கே பானெட்டைத் தூக்கி, என்ஜினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்கள். நம்பர் காகிதத்தில் ஏறிவிடும். அன்றைக்கு நம்பரோடு இன்னொன்றும் ஏறியது. நம்பரைச் சுற்றி நாலு பக்கமும் மெல்லிய கோடு, கட்டம் போட்ட மாதிரி. பார்த்த அதிகாரி பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டினார். வெல்டிங் தையல். “இந்தத் துண்டு வேற வண்டிலேருந்து வெட்டி வெச்சதுங்க. வாங்குன எடத்துல போயி கேளுங்க, இல்லாட்டி ஸ்டேஷனுக்குப் போங்க” என்று சொல்லிக் காகிதத்தைத் தள்ளி வைத்தார்.

மாப்பிள்ளை வண்டியைத் திருப்பினார். நேராகக் கொட்டகைக்கு விட்டார்.

புரோக்கர் பதறுவான், காலில் விழுவான் என்றெல்லாம் நான் நினைத்திருந்தேன். அவன் டீ சொல்லி அனுப்பினான்.

“அண்ணே, நம்பர் ஒரிஜினல். ஆர்.சி. ஒரிஜினல். அதுல நான் பொய்யே சொல்லல. அந்த வண்டி திருவாரூர் பக்கம் காயலான் கடைல மக்கிக் கெடந்துச்சு. தரை இல்ல, கதவு இல்ல, உள்ள எலி குட்டி போட்டிருக்கு. அத ஓட்டிக்கிட்டு வந்தா நீங்க வாங்குவீங்களா? இந்தத் துண்ட மட்டும் வெட்டிக்கிட்டு வந்து நல்ல பாடியா பாத்து வெச்சேன்.”

“பாடி யாருது?” என்று கேட்டேன்.

“அது எதுக்குங்க உங்களுக்கு?”

“மீன் யாருது?”

சிரித்தான். “அண்ணன் ஆசப்பட்டுச்சு. நம்மகிட்ட வேல பாக்குற ஆளு போட்டான். நல்லா வந்துருக்குல்ல?”

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். மனிதர்கள் பொய் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மீன் விற்கிற இடத்தில் பொய் இல்லாமல் பேச்சே கிடையாது, முந்தாநாள் மீனை இப்போது வந்த மீன் என்போம். அந்தப் பொய்க்கு ஒரு வெட்கமாவது உண்டு. இது வேறு. ஒருவன் உட்கார்ந்து, ஆணியைக் கையில் எடுத்து, ஒரு சின்னப் பிள்ளை எப்படிக் கீறும் என்று யோசித்து, வேண்டுமென்றே கையைக் கோணவிட்டுக் கீறியிருக்கிறான். எங்கேயோ ஒரு சுருட்டைப் பற்றவைத்து டாஷ்போர்டில் வைத்து அழுத்தியிருக்கிறான். அப்புறம் ஒரு கிழவி அந்த சீட்டில் முகம் வைத்து முகர்ந்திருக்கிறாள். நினைக்க நினைக்க, அழுகிய இறால் கூடைக்குள் தெரியாமல் கையை விட்ட மாதிரி இருந்தது. கழுவினாலும் விரலில் நிற்கும்.

அப்போதுதான் மாப்பிள்ளை அந்தக் கையகலத் தகட்டைப் பற்றிக் கேட்டது.

“ஆமாண்ணே” என்றான் புரோக்கர், ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்ட நிம்மதியோடு. “ஒங்களுக்கு மனசு ஒப்பலேன்னா வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க. குடுத்த காச முழுசா வாங்கிக்கங்க. பாண்டிச்சேரில ஒரு ரிசார்ட் பார்ட்டி ரெடியா இருக்கு. அவங்களுக்கு ரோட்டுல ஓட்ட வேண்டாம், வாசல்ல நிறுத்தத்தான். ஒண்ணு மட்டும் செய்ங்கண்ணே. வீட்டுல அப்பா போட்டோ பிரேம் போட்டு வெச்சிருக்கீங்கல்ல? அதயும் குடுத்துருங்க. டிரைவர் மவன் ஊரெல்லாம் தேடிக் கண்டுபுடிச்ச வண்டின்னு சொன்னா எங்கயோ போயிரும். ஒங்களுக்கும் ஒரு பங்கு வெக்கிறேன்.”

மாப்பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். காசு திரும்பி வரும். தங்கை வாயை மூடுவாள். வலை வாங்கலாம். ஒரு தலையாட்டல் போதும், அந்த மீனும் சுருட்டுத் தழும்பும் அத்தை முகர்ந்த வாசனையும் அடுத்தவனிடம் போய்விடும்.  அவர் அதற்கு ஒப்புக்கொண்டால், நான் இனிமேல் எந்த முகத்தோடு அவரை மாப்ள என்று கூப்பிடுவேன்?

“இதுல கரண்டு வருதுங்களா தம்பி?” என்று கேட்டார். சுவரோரம் இருந்த கட்டிங் மெஷினைக் காட்டித்தான் கேட்டார்.

“வருதுண்ணே. எதுக்கு?”

மாப்பிள்ளை சுவரோரம் போனார். மெஷினை எடுத்து, பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்து, அந்தத் தையல் மேலேயே வைத்து அழுத்தினார். பொறி பறந்தது. “அண்ணே, வண்டி செத்துரும்ணே! நம்பர் இல்லாம அது இரும்பு வெலைக்குக்கூடப் போவாதுண்ணே! ஒரு காசு திருப்பித் தர மாட்டேன், சொல்லிட்டேன்!” என்று புரோக்கர் கத்தியது பாதிதான் கேட்டது. கிட்டே போய்ப் பிடிக்க அவனுக்குத் தைரியமில்லை. நாலு பக்கமும் வெட்டி முடித்து மெஷினை நிறுத்தினார். தகடு சுட்டது. தோள் துண்டை மடித்து அதில் ஏந்திச் சுருட்டிக்கொண்டார். சாவியை டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ரோட்டுக்கு நடந்து, காரைக்கால் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டினார்.